அன்பும் அரணும்: பண்டைச் சீனத்து மோ நெறியினர்

வாளேந்தியவன் கொல்லலாமா, மன்னன் படையெடுக்கலாமா என்ற வினாக்களை ஆராயாத சமயம் இல்லை எனலாம். ஆனால் மதிலில் சாத்தும் ஏணிக்கு மரம் இழைத்த தச்சனும், அகழியைத் தூர்க்க மண்மேடு எழுப்பியவனும், மதிலின் அடியில் சுரங்கம் அகழ்ந்தவனும் அந்தக் கொலைகளில் எவ்வளவு பங்குடையவர்கள் என்று நின்று கேட்ட அறநூல்கள் மிகச் சிலவே. அவ்வினாவைக் கேட்டதோடு அமையாமல், அதற்குத் தம் கைத்தொழிலாலேயே விடை தேட முயன்ற ஒரு கூட்டத்தார் சீனத்தில் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலிருந்து 3ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தனர். மோ ட்சு என்பவரை ஆசானாகக் கொண்டதால் மோ நெறியினர் எனப்படும் இவர்கள், தன் வீடு, தன் குலம், தன் நாடு என்ற வரம்பின்றி எல்லாரிடத்தும் ஒரே அளவில் அன்பு செலுத்த வேண்டும் என்று போதித்தார்கள். அதே வேளையில், முற்றுகைக்கு உள்ளான நகரங்களைக் காக்கும் போர்ப் பொறியியலில் தம் காலத்தில் நிகரற்றவர்களாகவும் விளங்கினார்கள். இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் எவ்வாறு தங்கின என்பதே இங்கு ஆராயப்படுவது.

மோ ட்சு வாழ்ந்த காலத்தில், பெரிய அரசுகள் சிறிய அரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தன. சீன வரலாற்றில் அக்காலம் ‘போரிடும் நாடுகளின் காலம்’ என்றே பெயர் பெற்றது. அவர் உயர்குடியைச் சேர்ந்தவராகத் தோன்றவில்லை. அவருடைய உவமைகள் பட்டறையிலிருந்து வருகின்றன. கடவுட்கொள்கையைக்கூட அவர் தச்சனின் கருவிகளைக் கொண்டே விளக்குகிறார். ‘தியான்’ என்று சீனர் வழங்கும் வானம், அவருக்கு வெறும் ஆகாயமாக இல்லாமல், விருப்பமும் நீதியும் உடைய ஒரு மேலான தெய்வமாக இருக்கிறது. அந்த வானத்தின் விருப்பத்தைத் தாம் பெற்றிருப்பது, சக்கரம் செய்பவன் கவராயத்தையும் தச்சன் மூலைமட்டத்தையும் பெற்றிருப்பதைப் போன்றது என்கிறார் அவர். வட்டம் சரியா என்று பார்க்கக் கவராயமும், கோணம் சரியா என்று பார்க்க மூலைமட்டமும் போதும். அதுபோலவே ஒரு செயல் அறமா என்று பார்க்க, எல்லா உயிருக்கும் பொதுவாக மழை பெய்து விளைச்சல் தரும் வானத்தின் பாரபட்சமற்ற அன்போடு அது பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தால் போதும். சமயச் சிந்தனையில் தெய்வத்தை அரசனாகவும் தந்தையாகவும் கண்டவர்கள் பலர். தெய்வத்தின் திருவுளத்தை அளவுகோலாகக் கையில் எடுத்து, உலகத்தின் கோணல்களை மட்டம் பார்த்தவர் இவர்.

அந்த அளவுகோலை அவர் போரின்மீது வைத்தபோது கிடைத்த வாதம் எளிமையானது. பிறர் தோப்பில் பழம் திருடுபவனை ஊர் பழிக்கிறது. ஆடு மாடு ஓட்டிச் செல்பவனை இன்னும் அதிகம் பழிக்கிறது. ஓர் உயிரைக் கொன்றவனுக்கு மரண தண்டனை விதிக்கிறது. அப்படியிருக்க, ஒரு நாட்டையே கொள்ளையிட்டுப் பல்லாயிரம் பேரைக் கொல்பவனை மட்டும் வீரன் என்று பாராட்டி ஏட்டில் எழுதி வைப்பது எந்தக் கணக்கில் சேரும் என்பதே அவ்வாதம். இதில் பொறியாளர் எங்கே வருகிறார் என்பது, மோ ட்சுவின் பெயரால் வழங்கும் நூலில் உள்ள கோங்ஷு பான் என்னும் அத்தியாயத்தில்தான் தெளிவாகிறது.

கோங்ஷு பான் லூ நாட்டில் பிறந்த பெருந்தச்சர். சொங் என்னும் சிறிய நாட்டைத் தாக்குவதற்காக, தெற்கேயிருந்த சூ நாட்டு மன்னனுக்கு அவர் ‘மேக ஏணி’ எனப்பட்ட, மதிலை எட்டும் உயரமான முற்றுகை ஏணிகளைச் செய்து கொடுத்திருந்தார். செய்தி கேட்ட மோ ட்சு பத்துப் பகலும் பத்து இரவும் நடந்து சூ நாட்டுத் தலைநகரான யிங்கை அடைந்து, தம்மை அவமதித்த ஒருவனைக் கொன்று தரவேண்டும், அதற்குப் பொன் தருகிறேன் என்று அந்தத் தச்சரிடம் கேட்கிறார். தச்சர் முகம் சுளிக்கிறார். ஆளைக் கொல்வது தம் அறத்துக்கு ஒவ்வாது என்கிறார். ஒருவனைக் கொல்ல மறுக்கும் அறம், குற்றமற்ற ஒரு நாட்டின் மக்களைக் கொல்லும் ஏணியைச் செய்ய எப்படி ஒப்புகிறது என்ற கேள்வி அப்போது தானாகவே எழுகிறது. கோங்ஷு பான் தீயவராகக் காட்டப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் மனசாட்சி உள்ளவர். ஆனால் அந்த மனசாட்சி கைக்கு எட்டும் தூரம் மட்டுமே வேலை செய்கிறது. உளிக்கும் உயிருக்கும் இடையே மன்னனின் ஆணை, படைத்தலைவனின் திட்டம், ஏறும் வீரனின் வாள் என்று பல படிகள் வந்துவிடுவதால், தம் வேலை மரவேலையாகவே முடிந்துவிடுகிறது என்று அவர் நம்புகிறார்.

அடுத்து நிகழ்வது இன்னும் ஆழமானது. மோ ட்சு மன்னனிடம் சென்று, தன்னிடம் அலங்காரத் தேர் இருக்கப் பக்கத்து வீட்டு உடைந்த வண்டியைத் திருடுபவனின் நிலையில்தான் அவன் இருக்கிறான் என்று காட்ட, மன்னனும் அதை ஒப்புக்கொள்கிறான். வாதம் வென்றுவிட்டது, போர் நிற்கவில்லை. ஏணிகள்தாம் செய்தாகிவிட்டனவே, ஆகையால் சொங்கைப் பிடித்தே தீருவேன் என்பது மன்னனின் விடை. போர்க்கருவி ஒன்று செய்து முடிக்கப்பட்ட பிறகு, அது இருக்கிறது என்பதே அதைப் பயன்படுத்துவதற்குப் போதிய காரணமாகிவிடுகிறது என்ற உண்மையை இதைவிடச் சுருக்கமாக எந்த மெய்யியல் நூலும் சொல்லவில்லை. ஏவிய கைதான் பொறுப்பு, கருவி வெறும் சடம் என்று கூறுவோர் இந்த இடத்தில் சற்றே நின்று யோசிக்க வேண்டும்.

மோ ட்சு தம் இடைக்கச்சையை அவிழ்த்துத் தரையில் மதிலாக வளைத்து வைத்து, சிறு குச்சிகளைப் பொறிகளாகக் கொண்டு, கோங்ஷு பானைத் தாக்கிப் பார்க்கச் சொல்கிறார். ஒன்பது முறை தச்சர் உத்தி மாற்றித் தாக்குகிறார். ஒன்பது முறையும் தடுக்கப்படுகிறார். அவரிடம் இருந்த தாக்குமுறைகள் தீர்ந்துவிட்டன. மோ ட்சுவிடம் காக்கும் முறைகள் இன்னும் மிச்சமிருந்தன. வெல்ல இன்னும் ஒரு வழி தமக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறார் தச்சர். அந்த வழி தம்மைக் கொன்றுவிடுவதுதான் என்பதைப் புரிந்துகொண்ட மோ ட்சு, தம் மாணவர் சின் குலி உள்ளிட்ட முந்நூறு பேர் தம்முடைய காவற்கருவிகளோடு ஏற்கெனவே சொங் நகரத்து மதில்மேல் காத்திருக்கிறார்கள் என்று மன்னனுக்குத் தெரிவிக்கிறார். படையெடுப்பு கைவிடப்படுகிறது. வானத்தின் விருப்பமும், பழத்தோட்டத்து வாதமும், தேர் உவமையும் சாதிக்காததை மதில்மேல் நின்ற முந்நூறு பேர் சாதித்தார்கள். அன்பைப் போதிப்பவனுக்குக் கைத்தொழிலும் தெரிந்திருக்க வேண்டும் என்பது மோ நெறியினரின் தனி முடிவு. இம்முடிவில் அவர்கள் பிற சமயத்தார் பலரைவிட நேர்மையாளர்கள் என்றே தோன்றுகிறது.

அந்தக் கைத்தொழில் எத்தகையது என்பதை நூலின் இறுதிப் பகுதி காட்டுகிறது. மொத்தம் 71 அத்தியாயங்களாக இருந்த நூலில் இன்று 53 எஞ்சியுள்ளன. நகரக் காவலைப் பற்றிய 20 அத்தியாயங்களில் 11 மட்டுமே கிடைக்கின்றன. மூன்றாண்டுகள் ஆசானுக்கு ஊழியம் செய்து, கை கால் காய்த்து, முகம் கறுத்துப்போயும் எதையும் கேட்கத் துணியாத சின் குலிக்கு, மோ ட்சு இரங்கி, மதுவும் உலர்ந்த இறைச்சியும் கொடுத்துப் புல்லில் அமர்த்தி, உனக்கு என்ன வேண்டும் என்று வினவ, நகரைக் காக்கும் வழியே வேண்டும் என்று அவர் பணிந்து கேட்பதாக ஓர் அத்தியாயம் தொடங்குகிறது. பகைவர் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினால் என்ன செய்வது என்பதற்கு அந்நூல் கூறும் முறை வியப்புக்குரியது. மதிலின் உட்புறமாக 5 தப்படிக்கு ஒன்றாகக் கிணறுகள் அகழ்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய தாழியை இறக்கி, அதன் வாயை மெல்லிய தோலால் இறுகக் கட்டி, கூரிய செவியுடைய ஒருவனை அதன்மேல் காது வைத்துக் கேட்கச் செய்ய வேண்டும். மண்ணுக்குள் கடப்பாரை விழும் திசை தெரிந்தவுடன், அதற்கு நேராக எதிர்ச்சுரங்கம் வெட்டி, உலை மூட்டி, துருத்தியால் புகையைக் குழாய் வழியே பகைவர்மீது ஊத வேண்டும். பகைவரும் புகைவிடக்கூடும் என்பதால், தம் ஆட்களின் கண்களைக் காக்கக் காடி நிரப்பிய பாத்திரங்களை அருகில் வைத்திருக்கவும் நூல் மறக்கவில்லை. கண்ணெரிச்சலுக்கு மருந்து வைக்கும் அக்கறையும் சுரங்கத்தில் இருப்பவனை மூச்சடைத்துக் கொல்லும் கணக்கும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சுரங்கத்துக்குள் சிக்கியவனும் வானம் நேசிக்கும் உயிர்தான் என்பதைப் பற்றி அந்தப் பக்கம் எதுவும் பேசவில்லை.

இதைவிடக் கடுமையானது ‘ஆணைகள்’ பற்றிய அத்தியாயம். முற்றுகைக் காலத்தில் நகருக்குள் தவறுதலாகத் தீப்பிடிக்க விட்டவனுக்கும் தலைவெட்டு. அதிகாரிகளின் பெற்றோரும் மனைவி மக்களும் தனி மாளிகையில் பிணையாக வைக்கப்படுவர். அடையாளச் சீட்டு இல்லாமல் ஒருவன் தெருவுக்குள் நுழைய, தெருவாயில் காவலன் அவனை மறித்துக் கேட்கத் தவறினால், காவலனும் கடுந்தண்டனைக்கு உள்ளாவான். இப்பகுதிகள் பிற்காலத்தில் சேர்ந்தவை என்பது அறிஞர் பலர் கருத்து. அவ்வாறே இருப்பினும், நெறியைக் காத்தவர்கள் இவற்றைத் தம் நூலுக்கு அயலானவை என்று தள்ளவில்லை. மதிலுக்கு வெளியே உள்ள கொடுமையைத் தடுக்க முனையும் அன்பு, மதிலுக்கு உள்ளே எவ்வளவு கொடுமையைப் பொறுக்கலாம் என்ற வினாவுக்கு அவர்களிடம் விடை இல்லை; அதைக் குறையாகச் சொல்லும்போது, வேறு எவரிடமும் அவ்விடை இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முற்றுகையிடுவதை உழிஞை என்றும், மதில் காப்பதை நொச்சி என்றும் தமிழ்ப் புறத்திணை மரபு பிரித்துப் பெயரிட்டதைப் போலவே, மோ நெறியினரும் தாக்குதலையும் காத்தலையும் முற்றிலும் பிரித்தனர். ஆனால் அவர்கள் ஒன்றைப் பாவமென்றும் மற்றதைக் கடமையென்றும் வகுத்தனர். இந்தப் பிரிவினையைத்தான், கி.மு. 239 அளவில் சின் நாட்டு அமைச்சர் லூ பூவெய்யின் ஆதரவில் தொகுக்கப்பட்ட பெருநூல் தாக்கியது. மதிலுக்குள் இருப்பவன் கொடுங்கோலனாக இருந்தால், அந்த மதிலைக் காப்பவன் கொடுங்கோலையே காக்கிறான் அல்லவா என்பது அதன் கேள்வி. பேரரசை நோக்கி வளர்ந்துகொண்டிருந்த ஒரு நாட்டுக்கு வசதியான கேள்விதான். எனினும் வலுவுள்ள கேள்வி. கொடியவனைத் தண்டிப்பது வேறு, படையெடுப்பு வேறு என்று மோ ட்சு முன்பே பிரித்துக் காட்டியிருந்தாலும், எது தண்டனை, எது படையெடுப்பு என்பதைத் தாழியில் காது வைத்திருப்பவன் எவ்வாறு அறிவான்?

யாங்செங் என்னும் ஊரில் இக்கேள்வி உயிர்களை விலையாகக் கேட்டது. ஜூட்சு எனப்பட்ட பெருந்தலைவர் ஒருவரின் கீழ் மோ நெறியினர் கட்டுக்கோப்பான சமூகமாக வாழ்ந்தனர். அந்தக் கட்டுப்பாடு எத்தகையது என்றால், ஃபூ துன் என்ற தலைவரின் மகன் கொலை செய்தபோது சின் நாட்டு மன்னனே மன்னித்தும், கொன்றவன் சாகவேண்டும் என்பது எங்கள் சட்டம் என்று தந்தையே தண்டனையை நிறைவேற்றினார். கி.மு. 381இல் தலைவராக இருந்த மெங் ஷெங், சூ நாட்டின் சிற்றரசன் ஒருவனுக்காக யாங்செங்கைக் காத்துவந்தார். ஜேட் மணிக்கல் ஒன்றை இரண்டாக உடைத்து, மறுபாதி வந்து பொருந்தினாலன்றி ஊரை எவரிடமும் ஒப்படைப்பதில்லை என்பது உடன்பாடு. அச்சிற்றரசன் அரண்மனைக் கலகம் ஒன்றில் சிக்கித் தப்பியோட, சூ அரசு ஊரைக் கைப்பற்ற வந்தது, மறுபாதி வரவில்லை, தடுக்கும் வலிமையும் இல்லை. சாவதால் எவருக்கும் பயனில்லை, நெறியே அற்றுப்போகும் என்று மாணவர் ஷூ ருவோ எடுத்துக்கூறினார். கொடுத்த வாக்கைக் காவாவிட்டால் இனி மோ நெறியினரை எவரும் நம்பி அழைக்க மாட்டார்கள் என்றார் மெங் ஷெங். தலைமையைச் சொங் நாட்டிலிருந்த வேறொருவருக்கு இரு தூதர் வழியே அனுப்பிவிட்டு அவர் மாண்டார். ஏறத்தாழ 180 மாணவர்கள் உடன் மாண்டனர். தூதர் இருவரும், திரும்பக் கூடாது என்ற புதிய தலைவரின் ஆணையை மீறித் திரும்பி வந்து உயிர் நீத்தனர். அவர்கள் காத்தது அறவோன் ஒருவனை அன்று. ஒரு நகரத்தையும் அன்று. உடைந்த கல்லின் ஒரு பாதியை. அது பெருமிதமா, வீணா என்று உறுதியாகச் சொல்லிவிட முடியவில்லை.

கி.மு. 221இல் சின் நாடு சீனம் முழுவதையும் ஒன்றாக்கியபின், காக்கத்தக்க சிறு நாடுகளும் இல்லை, காப்பவர்களும் இல்லை. வரலாற்றாசிரியர் சீமா சியான் மோ ட்சுவுக்கு ஒதுக்கியது 24 எழுத்துகள் மட்டுமே. ‘மோவின் காவல்’ என்று பொருள்படும் சீனத் தொடர், முதலில் அசைக்க முடியாத உறுதியைச் சுட்டிப் பின்னர் பழைமையைப் பிடித்துத் தொங்கும் பிடிவாதத்தைச் சுட்டலாயிற்று. ஏணி செய்த கோங்ஷு பானோ, லூ பான் என்ற பெயரில் தச்சர்களுக்கும் கட்டடத் தொழிலாளர்க்கும் காவல்தெய்வமானார். 1884இல் எழுந்த அவருடைய கோயில் ஒன்று ஹாங்காங்கில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. மதிலைக் காத்தவருக்குச் சீடர்கள் எஞ்சவில்லை.

யிங்கிலிருந்து திரும்பும் வழியில் மோ ட்சு சொங் நாட்டைக் கடந்தபோது மழை பிடித்துக்கொண்டதாகவும், ஒரு தெருவாயிலில் ஒதுங்கப் போனவரைக் காவலன் உள்ளே விடவில்லை என்றும் கோங்ஷு பான் அத்தியாயம் முடிகிறது. மறைவில் நன்மை செய்பவரை உலகம் அறிவதில்லை என்ற வருத்தத்தோடு நூல் அதைச் சொல்கிறது. உரையாசிரியர்களும் அவ்வாறே கொண்டனர். ஆனால் ‘ஆணைகள்’ அத்தியாயம் குறிப்பிடும் அதே பதவிப் பெயரால்தான் அந்தக் காவலனும் இங்கே குறிக்கப்படுகிறான். போர் நின்ற செய்தி அவனுக்கு எட்டியிருக்க வழியில்லை. மழையில் நனைந்து வந்த அந்நியரிடம் அடையாளச் சீட்டும் இல்லை.