நஞ்சுண்டார்க்கு மூச்சளித்தல் தகுமோ?

சாக வேண்டுமென்று தானே பூச்சிமருந்தைக் குடித்தவனை, தொண்டையில் குழாய் செலுத்தி, நாட்கணக்கில் கருவியால் மூச்சுவிடச் செய்வது முறையோ என்று அன்பர் சிலர் வினவுகின்றனர். எண்ணத்தையே வினையென்று கொள்பவர் நாம். அங்ஙனமாயின் அவன் எண்ணத்திற்குக் குறுக்கே நிற்பது ஏன் என்பது அவர்தம் வாதம். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று.

ஆயினும் எந்த எண்ணம்? கடன் கொடுத்தவன் வாசலில் நின்று பேசிய சொல்லுக்கும், வீட்டு மூலையிலிருந்த புட்டிக்கும் இடையே சில நிமிடங்களே கழிந்திருக்கும். பிழைத்தெழுந்தோரில் மிகப் பெரும்பாலோர் பின்னர்த் தற்கொலையால் மாய்வதில்லை. தோன்றி மறையும் ஒரு மனநிலையை ஒருவனுடைய முடிந்த தீர்ப்பென்று நாம் எங்ஙனம் கொள்வது? நஞ்சோ அவன் மனம் மாறும்வரை காத்திராது. பாஸ்பரஸ் கலந்த பூச்சிமருந்துகள், நரம்பின் ஆணையைத் தசையில் அடக்கும் நொதியை முடக்குகின்றன. நுரையீரலில் நீர் சுரந்து நிறைகிறது, மார்புத் தசைகள் சோர்கின்றன, மூச்சு நிற்கிறது. அட்ரோப்பின் அந்நீரை வற்றச் செய்ய, உடல் அந்நொதியை மீண்டும் ஆக்கிக்கொள்ளும்வரை மூச்சை ஏந்தி நிற்பதே கருவியின் தொழில். அவன் விருப்பத்தை அது மறுப்பதில்லை. மறுமுறை அவனைக் கேட்க அவகாசம் தருகிறது.

புனே மாவட்டத்துப் பாராமதியில் இத்தகைய 200 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2006-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. பிராலிடாக்சிம் என்னும் முறிமருந்தை நான்கு மணிக்கொரு முறை பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேர் இறந்தனர். 48 மணி நேரம் இடைவிடாது பெற்றவர்களில் ஒருவரே. 2009-இல் வெளிவந்த இலங்கை ஆய்வு அம்மருந்தால் பயன் காணவில்லை. மருத்துவர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். நம் கண்ணில் படுவது வேறொன்று: பாராமதியில் இரு சாராரிலும் பாதிக்கு மேற்பட்டோர்க்குச் செயற்கைச் சுவாசம் வேண்டியிருந்தது; ஆயினும் பெரும்பாலோர் பிழைத்தனர்.

எல்லா நஞ்சும் இவ்வாறு வழிவிடுவதில்லை. அலுமினியம் பாஸ்பைடுக்கு முறிமருந்தே கிடையாது. மீளும் வழி அற்றபின் கருவியை நிறுத்துவது வேறு வினா. அதைப் பிறிதொரு முறை ஆராய்வோம்.

நம்மை உறுத்துவது மற்றொன்று. கடனுக்காக நஞ்சுண்டவன் கண் விழிக்கையில், அவன் மனைவியின் தாலிப்பொன்னும் உழுமாடும் மருத்துவச் செலவிற்குப் போயிருக்கின்றன. அவன் மீண்டும் அதே வாசலுக்குத்தான் திரும்புகிறான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவனைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவனாகவே கருதச் சொல்கிறது. அவனுக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையென்கிறது. தனியார் மருத்துவமனையின் கட்டணச் சீட்டோ அவன் மனைவி கையில் கொடுக்கப்படுகிறது.