அவையச்சமும் அறமும்

போர்க்களத்தில் உயிரைத் துச்சமென மதித்து மடிவோர் பலர்; கற்றோர் நிறைந்த அவையில் அஞ்சாது நின்று பேசுவோர் சிலரே. திருக்குறளின் 73ஆம் அதிகாரமாகிய 'அவையஞ்சாமை'யில் வள்ளுவர் சுட்டும் உண்மை இது. அமைச்சரைக் குறித்த பத்து அதிகாரங்களின் முடிவில் அவர் இதனை வைத்தமை எண்ணத்தக்கது. நூல் பல கற்றும் அவையில் நாவெழாதவனால் நாடு பெறும் நன்மை யாது? ஆகவே, அவையச்சம் வெறுங் கூச்சமன்று. அறத்தோடு தொடர்புடைய சிக்கலாகும்.

எனினும், அச்சமே குற்றமாகுமா? மேடையேறுங்கால் நெஞ்சு படபடப்பதும் நா வறள்வதும் உடலின் இயற்கை. இயற்கையைப் பழித்தல் பொருந்தாது. ஆயின், அவ்வச்சத்தால் உரைக்கவேண்டிய நீதி உரைக்கப்படாமற் போகுமாயின், அங்கே அறம் குறுக்கிட்டு விடை கேட்கிறது.

காந்தியடிகளின் இளமை இதற்குத் தக்க சான்று. இலண்டனில் சட்டம் பயின்ற நாளில் அவர் மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். டாக்டர் அலின்சன் என்பாரை, அவருடைய கருத்துக்காகச் சங்கத்தினின்று நீக்கும் தீர்மானம் ஒன்று வந்தது. அக்கருத்தைக் காந்தி ஏற்றாரல்லர். ஆயினும் அதற்காக ஒருவரை விலக்குதல் முறையன்று எனத் தெளிந்தார். தம் எண்ணத்தை எழுதிக் கொண்டு சென்றும் படிக்கத் துணிவு பிறக்கவில்லை. வேறொருவரே அதனைப் படித்தார். அலின்சன் நீக்கப்பட்டார். தாயகம் திரும்பியபின், பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கிலேயே வினாத் தொடுக்க நாவெழாமல் அமர்ந்தார்.

அத்தகையவர் 1893இல் பிரிட்டோரியாவில் இந்தியரைக் கூட்டி, வாணிகத்தில் வாய்மை வேண்டுமென்றும், அவர்தம் இன்னல்களைக் களைய ஓர் அமைப்பு வேண்டுமென்றும் பேசினார். இடையே நிகழ்ந்தது யாது? நாவன்மைப் பயிற்சியன்று, அதனை அவர் இலண்டனிலேயே முயன்று கைவிட்டிருந்தார். தென்னாப்பிரிக்காவில் இந்தியர் பட்ட இழிவைத் தாமும் பட்டதே இடையில் நிகழ்ந்தது. தம்மைப் பற்றிய எண்ணம் பின்னடைய, பிறர் துயர் முன்னின்றது. அப்போதும் கூச்சம் முற்றாக அகலவில்லை என்றும், சொற்களை அளந்து பேச அதுவே கற்பித்தது என்றும் அவரே பின்னாளில் எழுதியுள்ளார்.

'இவர்கள் என்னை எவ்வாறு மதிப்பரோ?' என்னும் கவலையே அவையச்சத்தின் வேர். பணிவுபோல் தோன்றும் இது, உண்மையில் தன்மதிப்பைக் காக்கும் முயற்சியே. 'இதனைச் சொல்லாவிடின் யாருக்குத் தீங்கு?' என்னும் வினா எழுமாயின் அவ்வேர் தளரும்.

பேச்சுப் போட்டிக்கெனப் பிறர் எழுதிய உரையை மனனம் செய்வித்து, கையசைவையும் சொல்லிக்கொடுத்து மாணவனை மேடையேற்றும் வழக்கம் தமிழ்ப்பள்ளிகளில் உண்டு. ஒரு வரி மறந்தால் அவனுக்கு உலகமே இருண்டுவிடுகிறது. ஏனெனில், அவன்பால் இருந்தவை சொற்களே. சொல்லவேண்டிய பொருள் அன்று. மாறாக, சபைகூடலில் இரண்டு மணித்துளி, தான் கண்டதைத் தன் சொல்லாற் கூறப் பழகும் சிறுவனுக்கு மறப்பதற்கு ஏதுமில்லை. திக்குவோனை எள்ளாது செவிமடுக்க ஏனைய மாணாக்கருக்குக் கற்பித்தலும் ஆசிரியர் கடனே. அவையின் கொடுமையும் அவையச்சத்தை வளர்க்கின்றது அன்றோ?

கால்கள் நடுங்கலாம், குரல் தழுதழுக்கலாம். நடுக்கத்தோடு உரைக்கப்பட்டாலும் உண்மை உண்மையே. அஞ்சாமையாவது அச்சமின்மையன்று, அச்சத்தினும் பெரிதொன்றைப் போற்றுதலே ஆகும்.