பாட்டி வழி

ஜவ்வாது மலையில் மலையாளிப் பெரியவர்களிடம் வம்சத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சு காஞ்சிபுரத்தில் போய் நிற்கும். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. சாமை விதைக்கும் தமிழ்ப் பழங்குடிகள்.

தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பிலும் அந்தக் கதை இருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்கிறார்கள். கேவலமாகப் பேசி அனுப்பிவிடுகிறார்கள். ஆத்திரத்தில் வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிப் போகிறார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள் ஏழு நாய்களையும் கூட்டிக்கொள்கிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் எங்களுக்குக் கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ அக்கரை சேர்ந்துவிட, நாய்கள் பாதி ஆற்றிலேயே திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் வந்து பார்த்தால் காரியம் முடிந்திருக்கிறது, மனைவிகள் தாலியறுத்துவிட்டார்கள். உயிரோடு வந்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. வேடப் பெண்களைக் கட்டிக்கொண்டு மலையேறினார்கள். அவர்கள் வழி வந்ததுதான் இந்தக் குடி என்கிறது கதை.

இது நடந்ததா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. கதை யாரை மறந்தது என்பதுதான் உறுத்துகிறது. தூக்கிப் போகப்பட்ட அந்த ஏழு பெண்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்காகக் கிளம்பிய கதை அவர்களை நடுவழியில் விட்டுவிட்டது. வேடப் பெண்களின் நிலை அதைவிட மோசம். கொல்லப்பட்டவர்களுக்கு உறவுக்காரிகளாகத்தான் இருந்திருப்பார்கள். கொன்றவர்களோடு குடும்பம் நடத்தினார்கள். மலையாளிகளின் உடம்பில் பாதி ரத்தம் அவர்களுடையது. ஆனாலும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது காஞ்சியைத்தான், கங்குந்தியை அல்ல.

இந்த மலையில் சாமை விதைத்த என் கொள்ளுத்தாத்தாவைத் தேடும்போதும் இதே கதைதான். பிறப்பு இறப்பைக் கட்டாயமாகப் பதிய நாடு முழுவதற்குமான சட்டமே 1969இல்தான் வந்தது. அதற்கு முந்தையது பெரும்பாலும் வாய்வார்த்தை. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். எந்தக் காளி எந்தக் காளிக்கு அப்பா என்று பிரிப்பதற்குள் போதும்போதும் என்றாகிவிடும். இருந்தாலும் ஆண்களின் வரிசை ஒருவழியாகக் கிடைத்துவிடுகிறது. கொள்ளுத்தாத்தாவைக் கட்டியவள் பெயரைக் கேட்டால், "அது கீழூர்க்காரி" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். கீழூர்க்காரியின் அம்மா யார் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

மலைக்குத் தெற்கே, செங்கம் பக்கத்து எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கள்ளர்களைக் கடித்து நின்ற ஒரு நாயின் உருவமும் அதன் பெயரும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன: கோவிவன். சுமார் 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது. அந்த நாயின் பெயரையும் நடுகல்லில் பொறித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் மூன்றாம் தலைமுறைப் பாட்டியின் பெயர் நமக்கே தெரியாததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

வம்சத்தைத் தேடுவது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கான விதிகள், உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்களின் வாய்மொழியை எழுத்தில் பதிந்து தந்தால் சான்றாக ஏற்கின்றன, இடுகாட்டையும் ஏற்கின்றன. ஒரு சான்று மட்டும் போதாது, கூட இன்னொன்றும் வேண்டும். ஆக, திண்ணைக் கிழவியின் ஞாபகத்துக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு.

அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தாத்தாவின் தாத்தாவைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் பாட்டியின் அம்மா பெயரையும், அவள் பிறந்த ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.