யாருடைய ஞாயிறு?

கடலூரில் கோடையை அனுபவிப்பதற்கென்று ஒரு நேரம் உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் மஞ்சக்குப்பத்துத் தெருக்களில் நடக்கும் எவரும் கோடையைப் புகழ மாட்டார். ஆனால் உச்சிப் பொழுது சாய்ந்து, சூடேறிய நிலத்தின் காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று புறப்பட்டு வரும்போது ஊரே பெருமூச்சு விடுகிறது. ஞாயிற்றுக்கிழமையானால் அந்தக் காற்றை எதிர்கொள்வதற்கென்றே பாதி ஊர் தேவனாம்பட்டினம் சாலையில் திரண்டு நகரும். பலகையில் வெள்ளிக் கடற்கரை என்று எழுதினாலும் 'சில்வர் பீச்' என்றால்தான் நமக்கு வாயில் வருகிறது.

அந்தக் கூட்டத்தில் நாங்கள் நால்வரும் பல ஆண்டுகளாக உண்டு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் முளைத்த நட்பு இது. இருவர் ஆசிரியர்கள், ஒருவர் வங்கியில், நான் ஓர் அலுவலகத்தில். காலைத் திருப்பலி முடித்து, வீட்டில் உண்டு, சிறிது உறங்கி எழுந்து மணலுக்குப் போய்விடுவோம். அங்கே என்ன செய்வோம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல் தின்போம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவரும் பலாச்சுளைகளைப் பங்கிடுவோம். பங்கு சரியில்லை என்று சண்டையிடுவோம். கெடிலம் கடலைச் சேரும் பக்கம் சிதைந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையைக் காட்டி, வரலாற்று ஆசிரியர் தம் பழைய கதையைத் தொடங்குவார். 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் அக்கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரை உள்ள ஊர்களும் சேர்த்து என்று பேசிக்கொண்டு, நெடுந்தொலைவு சுடும் பீரங்கியாகப் பார்த்துக் கொணர்ந்தார்களாம். அதனால் அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். ஒவ்வொரு கோடையிலும் இக்கதையைக் கேட்கிறோம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போல வியக்கிறோம். இதற்குப் பெயர்தான் நட்பு என்று நான் நினைக்கிறேன்.

இப்படிப் பொழுதைக் கழிப்பது சரியா? சோம்பலைத் தலையான பாவங்களுள் ஒன்றாக ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். 'அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு நோயாளியைச் சந்தித்திருக்கலாமே, ஒரு நல்ல நூலைப் படித்திருக்கலாமே' என்று உள்ளே ஒரு குரல் அவ்வப்போது கேட்பதுண்டு. இக்கேள்விக்குப் பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே புனித அக்குவினாத் தோமா விடை சொல்லியிருக்கிறார் என்பதை அறிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். தம் இறையியல் தொகுப்பில் அவர் ஒரு பழங்கதையை எடுத்தாளுகிறார். நற்செய்தியாளர் யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டனர். அவர்களுள் ஒருவன் கையில் வில் இருந்தது. அம்பு எய்யச் சொன்னார் யோவான், எய்தான். இன்னும் எய் என்றார், எய்தான். ஓயாமல் எய்துகொண்டே இருப்பாயா என்று கேட்டபோது, வில் முறிந்துவிடும் என்றான். மனித மனமும் அப்படியே என்றார் யோவான். தோமா இத்தோடு நிற்கவில்லை. தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் முட்டுக்கட்டையாய் இருப்பவன் குற்றமுள்ளவன் என்று வாதிடுகிறார். நம் பங்குகளில் சிலரை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன். பிறகு அவர்களுள் நானும் ஒருவன் என்பது நினைவுக்கு வந்தது.

எனவே கடற்கரையில் அமர்வதற்கு எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இறையியல் மேதை ஒருவரே கையொப்பமிட்ட அனுமதி. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாத ஞாயிறன்று, அந்த அனுமதிச் சீட்டின் மறுபக்கத்தையும் படிக்க நேர்ந்தது.

விடுதியில் நாங்கள் ஐவர். ஐந்தாமவர் படிப்பு முடிந்ததும் குடும்பச் சூழலால் சிதம்பரத்தில் தேர் ஓடும் வீதியொன்றில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராகச் சேர்ந்தார். முதலில் சில மாதங்கள் ஞாயிறுதோறும் அவரை எதிர்பார்த்தோம். பிறகு எப்போதாவது விசாரித்தோம். பிறகு அவர் இல்லாதது எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. யாரும் அவரை விலக்கவில்லை; எங்கள் கிழமைதான் விலக்கியது. அந்த மே ஞாயிறன்று கடலூரிலிருந்து ஒரு திருமணத்துக்காகச் சிதம்பரம் சென்றிருந்தோம். விருந்து முடிந்து, பொழுதுபோகாமல் அக்கடைக்குள் நுழைந்தோம். பள்ளி திறக்குமுன் சீருடைத் துணி எடுக்க வந்த கூட்டம். நண்பர் எங்களைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. ஆனால் கை நிற்கவில்லை. ஒரு துணியை மடித்து வைத்து மற்றொன்றை விரித்துக்கொண்டிருந்தார். "ஞாயிற்றுக்கிழமை வந்தா நான் என்னடா செய்யறது? பேசக்கூட முடியாது. செவ்வாய்க்கிழமை வாங்கடா" என்றார் தாழ்ந்த குரலில். அவர் மேற்பார்வையாளர் பக்கம் ஒருமுறை பார்த்ததை நாங்கள் கவனியாததுபோல் இருந்தோம். காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார் என்பது அவர் ஒரு காலை மாற்றி மறுகாலில் உடலைச் சாய்த்த விதத்தில் தெரிந்தது.

கடைப் பணியாளர்க்கு வாரம் ஒரு நாள் விடுப்பு என்பது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. அந்த ஒரு நாள் எந்த நாள் என்பதில்தான் நட்பின் விதி அடங்கியிருக்கிறது. அவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்ற திருத்தத்தைத் தமிழ்நாடு 2021-இல் கொண்டுவந்தது. ஒரு மனிதன் வேலைக்கு நடுவே சற்று உட்காரலாம் என்பதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்ததை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. ஞாயிறு ஓய்வே இந்நாட்டில் எளிதாக வந்ததன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்காக நாராயண் மேகாஜி லோகாண்டே 1884-இல் தொடங்கிய போராட்டம் 1890-இல்தான் பலித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1891-இல், பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றிய தம் சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வை உரிமையாகவே பேசினார். நாம் மணலில் அமர்ந்து சுண்டல் கொறிக்கும் மாலை, பிறர் வேர்வையால் வென்று தந்த மாலை.

அன்றிரவு வீடு திரும்பி இணைச்சட்ட நூலை எடுத்தேன். பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. விடுதலைப் பயண நூலில் ஓய்வுநாளுக்குக் காரணம் படைப்பு: இறைவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். இணைச்சட்ட நூலிலோ காரணம் வேறு: நீங்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்தீர்கள் என்பதை நினைவில் வையுங்கள் என்கிறது. மகன், மகள், பணியாளன், பணிப்பெண், மாடு, கழுதை, ஊரில் தங்கியிருக்கும் அயலான் என்று ஒரு நீண்ட பட்டியலிட்டு, உன் பணியாளரும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்கிறது. இளைப்பாறுவது என் உரிமை என்று மட்டும் இதுவரை எண்ணியிருந்தேன். இக்கட்டளையின் கனம் முழுவதும் 'உன்னைப்போல்' என்ற அந்த ஒரு சொல்லின்மேல் நிற்பதை அப்போதுதான் கண்டேன்.

இதை உரக்கப் படித்துக் காட்டியபோது என் துணைவி பட்டியலை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். "மாடு இருக்கிறது, கழுதை இருக்கிறது. மனைவி எங்கே?" என்றார். திகைத்துப் போனேன். உண்மையிலேயே இல்லை. 'நீ' என்ற சொல்லிலேயே மனைவியும் அடக்கம் என்று விவிலிய அறிஞர்கள் கூறுவதை மறுநாள் தேடிக் கண்டுபிடித்து வெற்றியோடு சொன்னேன். "அப்படியானால் சரி. ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவுவதும் அந்த 'நீ'தானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் நால்வரும் உண்டு உறங்கிக் கடற்கரைக்குப் போகும் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் நான்கு வீடுகளில் அடுப்பு மற்ற நாளைவிட ஒரு மணி நேரம் அதிகமாக எரிந்திருக்கிறது. இதற்கு நான் கண்ட தீர்வு, அடுத்த வாரம் உணவகத்திலிருந்து பொட்டலம் வாங்கிவந்தது. உணவகத்தில் அடுப்பருகே நின்றவருக்கும் அது ஞாயிறுதான் என்பதை மகள் நினைவூட்டினாள். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி எங்கே இருக்கிறதென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இப்போது சனிக்கிழமை இரவே நானும் சேர்ந்து நறுக்கி வைக்கிறேன். ஞாயிறன்று புளிச்சோறும் துவையலும். இது தீர்வா, மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வழியா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

ஓய்வு கிடைத்துவிட்டால் மட்டும் அது ஓய்வாகிவிடுமா என்பதும் ஒரு கேள்வி. தேவனாம்பட்டினத்துக் கரையிலேயே இதற்குச் சான்று உண்டு. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் செல்லத் தடை. நாம் கோடையைக் கொண்டாடும் அதே நாட்கள் அவை. படகு வேலையே வாழ்வாயிருப்பவர் வலை பழுதுபார்த்துக்கொண்டு, கடனைக் கணக்குப் பார்த்துக்கொண்டு, நமக்குச் சில கஜ தூரத்தில் அமர்ந்திருக்கிறார். நிவாரணத் தொகை வருகிறது, அது கூலியாகாது. அவரும் சும்மா இருக்கிறார், நாமும் சும்மா இருக்கிறோம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது நம் மொழியின் குறையன்று, நம் பார்வையின் குறை. 2004 டிசம்பர் 26-உம் ஒரு ஞாயிறே. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் காலை கடல் எழுந்து வந்தபோது இம்மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். தேவனாம்பட்டினம் கொடுத்த விலை பெரிது. அந்த மணலில் மீண்டும் அமர்ந்து சிரிக்க எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. முதலில் திரும்பியவர்கள் அந்த மக்களேதாம். அவர்களுக்கு வேறு வழி இல்லை.

அப்படியானால் மகிழ்வதே தவறா? அல்ல என்றே இன்றும் நம்புகிறேன். மாற்கு நற்செய்தியில், உண்ணவும் நேரமின்றி உழைத்துத் திரும்பிய சீடர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து ஓய்வெடுக்கும்படி ஆண்டவரே அழைக்கிறார். படகில் ஏறிப் போகிறார்கள். ஆனால் மக்கள் கால்நடையாகவே ஓடி முன்னதாகச் சேர்ந்துவிடுகிறார்கள். அவர் அவர்கள்மீது பரிவு கொள்கிறார். சீடர்களை ஏன் அழைத்தோம் என்றோ, ஓய்வு வீண் என்றோ அவர் சொன்னதாக இல்லை. கரையில் நிற்பவர்களைக் காணாததுபோல் படகைத் திருப்பவும் இல்லை. 1998-இல் இரண்டாம் யோவான் பவுல் ஆண்டவருடைய நாள் பற்றி எழுதிய திருமடலில், ஞாயிறை வெறும் வார இறுதியாகக் கருதிவிட வேண்டாம் என்று எச்சரித்தார். நமக்கு அது வாரத்தின் முதல் நாள். முதல் நாளை இறுதி என்று அழைக்கத் தொடங்கியபோதே, அதை எஞ்சிய பொழுதாக, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத பொழுதாக எண்ணத் தலைப்பட்டோம் போலும்.

செவ்வாய்க்கிழமை வரச் சொன்ன நண்பரிடம் செல்ல எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. கோடை விடுமுறையில் இருந்த ஆசிரியர்கள் இருவர்க்கும் எளிது; வங்கி நண்பரும் நானும் விடுப்பு எடுத்தோம். ஒரு நாள் சம்பள விடுப்பைக் கொடுக்க நான் தயங்கியதை இங்கே எழுதிவிடுவது நல்லது. காலையில் சிதம்பரத்தில் கொத்சுவோடு இட்லி உண்டோம். பழைய விடுதியை வெளியிலிருந்து பார்த்தோம். எதிர்பார்த்த அளவு அவர் பேசவில்லை. முப்பது ஆண்டுக் கதைகளை நாங்கள் நால்வரும் பேசி முடித்திருந்தோம். அவற்றில் அவர் இல்லை. ஒவ்வொரு வேடிக்கையையும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. விளக்கிச் சொன்னால் வேடிக்கை செத்துவிடுகிறது. எனக்கு உள்ளூர அச்சமாக இருந்தது. சில கணக்குகளைத் தாமதமாக நேர்செய்ய முடியாது.

பிற்பகலில் பிச்சாவரம் போனோம். சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஊருக்குத் தில்லை என்று பெயர் தந்த அந்த மரத்தை அங்குள்ள அலையாத்திக் காட்டில் காணலாம். ஞாயிறாக இருந்திருந்தால் படகுத்துறையில் நீண்ட வரிசை நின்றிருக்கும், அன்று செவ்வாய். படகோட்டி ஐம்பது வயதைக் கடந்தவர். "சனி, ஞாயிறுன்னா மூச்சு விட நேரமிருக்காது சார். இன்னைக்குத்தான் கொஞ்சம் ஆற அமர" என்றார். சுரபுன்னை மரங்கள் இருபுறமும் வேரூன்றி, மேலே கிளை கூடி, நீர்வழி குகைபோல் குறுகும் ஓரிடத்தில் வெயில் நின்றுவிட்டது. கடலூர்க் கடற்காற்று இங்கே தழைகளைத் தாண்டி மெல்லியதாக வந்தது.

வரலாற்று ஆசிரியர் பீரங்கிக் கதையைத் தொடங்கினார். குண்டு பறக்கும் கட்டம் வரும்போது திரும்பிப் பார்த்தால், நண்பர் படகின் முனையில் தலை சாய்த்து உறங்கியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களைப் பலகைமேல் நீட்டியிருந்தார். ஆசிரியர் பேச்சை நிறுத்தினார். எழுப்பட்டுமா என்று கேட்பதுபோல் வங்கி நண்பர் எங்களைப் பார்த்தார். வாடகை நேரம் ஓடிக்கொண்டிருந்தது. படகோட்டி ஒன்றும் கேளாமல் துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டு, ஒரு வேரைப் பிடித்துப் படகை நிழலுக்குள் இழுத்து நிறுத்தினார். தாமும் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் படகு நகரவில்லை. நாங்கள் நால்வரும் பேசாமல் அமர்ந்திருந்தோம்.