ஊரோடு ஒத்துப்போதல்

தென்கேரளத்து நெய்யாற்றின்கரைக்கு அதிக தூரமில்லாத ஊரூட்டம்பலம் என்னும் சிற்றூரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாழ்த்தப்பட்ட புலயர் சமூகத்தின் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்ற புலயச் சிறுமியை அழைத்துச் சென்று அரசுப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் அமர்த்தியபோது, ஏனைய பிள்ளைகள் எழுந்து வெளியேறினர். பின்னர்ப் பள்ளிக்கூடமே தீக்கிரையாயிற்று. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று திருவாங்கூர் அரசாங்கம் உத்தரவிட்டிருந்தும், ஊரின் விருப்பமே வென்றது. இன்று அப்பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. கருகிய பெஞ்சு ஒன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது.

தீ வைத்தவரின் குற்றம் விவாதத்திற்குரியதன்று. தீயைத் தொடாமல், தம் பிள்ளையை மட்டும் வீட்டோடு நிறுத்திக்கொண்ட தகப்பன்மாரைப் பற்றியே அறவுணர்வுடையோர் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். அவர்களில் சிலருக்கேனும் அச்சிறுமியிடம் துவேஷம் இல்லாதிருந்திருக்கலாம்; அடுத்த வீட்டார் பிள்ளையை நிறுத்திவிட்ட பின் நம் பிள்ளை மட்டும் போனால், நாளைக் கல்யாணத்திற்கும் சாவிற்கும் நம் வாசற்படியை யார் மிதிப்பார் என்ற அச்சமே போதுமானதாயிருந்திருக்கும். ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்தே நடப்பதனால், பலர் மனப்பூர்வமாக விரும்பாத தீர்மானமும் ஊரின் ஏகோபித்த தீர்மானமாகிவிட முடியும். 1951இல் அமெரிக்க உளவியலறிஞர் சாலமன் ஆஷ் வெளியிட்ட பரிசோதனையில், கோடுகளின் நீளத்தைக் கண்ணாரக் கண்டிருந்தும், உடனிருந்தோர் ஒருமுகமாகத் தவறுரைத்தபோது மூன்றில் ஒரு பங்கு விடைகள் அவர்கள் பக்கமே சாய்ந்தன. மெய் சொல்லும் துணை ஒருவர் இருந்தபோதோ அச்சாய்வு பெரிதும் குறைந்தது. ஆகவே 'நான் ஒருவன் என்ன செய்ய முடியும்' என்ற சமாதானம் செல்லாது. அந்த ஒருவனுக்காகவே மற்றவர் காத்திருந்திருக்கக் கூடும்.

எனினும் கூட்டத்தோடு நிற்பதையே அதர்மம் என்று தள்ளுவது நியாயமாகாது. அதே பிரதேசத்தில், அதே தலைமுறையில், பிள்ளைகளின் கல்வியுரிமைக்காக அய்யன்காளி வேலைநிறுத்தம் அறிவித்தபோது, புலயர் வயலில் இறங்க மறுத்தனர். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆளின்றி நிலங்கள் தரிசாயின. நாலு வீட்டார் பசி தாளாது இறங்கியிருந்தால் மற்றவர் உறுதியும் குலைந்திருக்கும். விழிஞ்ஞத்து மீனவர் தம் வள்ளங்களில் வேலை கொடுத்ததும் அவர்களைத் தாங்கியது. அங்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே நின்றனர். ஆனால் ஒத்துநின்றதன் விலையை அவர்கள் தம் வயிற்றாலேயே கொடுத்தனர். பள்ளியை விட்டு விலகியவரோ, அவ்விலை முழுவதையும் தம் கூட்டத்தில் இடமும் சொல்லும் இல்லாத ஒரு குழந்தையின் மீது சுமத்தினர்.

அச்சம் குற்றத்தைக் குறைக்கும், நீக்காது. ஆயினும் எல்லோருடைய அச்சமும் சமமானதன்று. குடியிருக்கும் மண்ணுக்கே பிறரை நம்பிய குடியானவனையும், ஊர்க்கூட்டத்தில் முதற்சொல் சொல்லும் செல்வாக்குப் பெற்ற நிலவுடைமையாளரையும் ஒரே கூண்டில் நிறுத்துவது அநீதியாகும்; முன்னவன் தனித்து நின்றிருந்தால் பிழைப்பையே இழந்திருப்பான், பின்னவரோ தம் பிள்ளையை மறுநாள் பள்ளிக்கு அனுப்பியிருந்தாலே போதும், ஊரில் பாதி அவர் பின்னே வந்திருக்கும்.