ஓலையும் நடுவுநிலையும்

வீட்டு உரிமையாளரும் வாடகைதாரரும் மனமொத்துப் பேசி முடித்தபின், "இதனை எழுதிக்கொள்வோமா?" என்று ஒருவர் கேட்டால் மற்றவர் முகம் சற்றே வாடுகிறது. தம்மை நம்பவில்லை போலும் என்னும் எண்ணமே அவ்வாட்டத்திற்குக் காரணம். வாய்ச்சொல்லே போதும் என்பது பண்பா? எழுதிக் கேட்பது ஐயத்தின் அடையாளமா? இவ்வினா சிறிதாகத் தோன்றினும் அறத்தின் வேர்வரை செல்வதாகும்.

பெரியபுராணம் இதற்கு ஒரு விடை தருகிறது. சுந்தரரின் மணப்பந்தலுக்கு முதியவராக வந்த இறைவன், 'இவன் எனக்கு அடிமை' என்று ஓலை காட்டினார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிபட்டது படியோலையே. திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் மூலவோலையை நீட்ட, அவையோர் அதிலிருந்த எழுத்தைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டு வழக்கைத் தீர்த்தனர். இறைவனே ஆயினும் ஆவணத்தைக் காட்டியே உரிமையை நாட்டினான் என்பது நம் மரபு. நினைவு மங்கும், ஆட்கள் மாறுவர், ஆயுள் முடியும். எழுத்து இவற்றைக் கடந்து நிற்கும். ஆகவே எழுதிக்கொள்வது ஐயமன்று. நாளைய நட்புக்கு இன்றே இடும் வேலி.

எனினும், எழுதியதெல்லாம் அறமாகிவிடுமா? சிங்கப்பூரின் வரலாறே எச்சரிக்கிறது. 1819-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் செய்த உடன்படிக்கையின்படி, கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு வணிக நிலையம் அமைத்துக்கொள்ள இசைவு பெற்றது. ஈடாகச் சுல்தான் உசேன் ஷாவுக்கு ஆண்டுதோறும் 5,000 ஸ்பானிய வெள்ளியும் தெமெங்கோங் அப்துல் ரகுமானுக்கு 3,000 வெள்ளியும் தர இசைந்தது. 1824-ஆம் ஆண்டில் மற்றோர் உடன்படிக்கையால் தீவு முழுவதும் கம்பெனிக்கு உரியதாயிற்று. இடம் கேட்டு வந்தவர் ஐந்தே ஆண்டுகளில் உரிமையாளர் ஆனார்! இரண்டிலும் கையொப்பம் இருந்தது; கையொப்பமிட்டோரிடையே சமவலிமை இருந்ததா? வலியவர் எழுத, மெலியவர் ஒப்பமிடுவதற்குப் பெயர் உடன்பாடு. அதன் உள்ளீடு பணிவே.

அப்படியாயின், மெலியவர் பக்கமே முற்றும் சாய்வது நீதியாகுமா? அதுவும் சோதித்துப் பார்க்கப்பட்டதே. போருக்குப் பின் வீடுகளுக்குப் பெரும் பஞ்சம் நிலவிய காலத்தில், 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பழைய கட்டடங்களின் வாடகை 1939-ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்தப்பட்டது. ஏழை மக்கள் தெருவுக்கு வராமல் அது காத்தது உண்மை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, செலவுக்கும் ஈடாகாத வாடகையைப் பெற்ற உரிமையாளர் பழுது பார்க்க முன்வரவில்லை. நகரின் பழைய கடைவீடுகள் பல சிதைந்தன. அவற்றில் குடியிருந்தோரும் அச்சிதைவிலேயே வாழ நேர்ந்தது. அச்சட்டம் 2001-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஒரு தட்டை மட்டும் தாழ்த்தும் துலாக்கோல், முடிவில் இருவருக்கும் பொய்யாகிறது. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனியோர் அதிகாரம் வகுத்ததன் பொருத்தம் இங்கே விளங்கும்.

ஆகவே வினா, ஒப்பந்தம் வேண்டுமா என்பதன்று. அதனை எம்மனத்தோடு எழுதுவது என்பதே. சாங்கியில் ஒரு வீவக வீட்டை வாடகைக்கு விடுவதாகக் கொள்வோம். ஆறு திங்களுக்குக் குறைவாக விடலாகாது என்பது விதி. வாடகை எவ்வளவு, முன்வைப்புத் தொகை எப்போது திரும்பும், குழாய் ஒழுகினால் யார் செலவு, வேலையிழந்து நாடு திரும்ப நேரும் அயல்நாட்டார் இடையில் விலகலாமா என்பன போன்றவற்றைத் தெளிவாக எழுதவேண்டும். ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை வழக்குகளை, 20,000 வெள்ளி வரை, சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். அங்கே பேசப்போவது அன்று எழுதிய சொற்களே. அச்சொற்களை எழுதுபவர், 'இவ்வீட்டில் நாளை நானே வாடகைக்கு இருந்தால் இவ்விதியை ஏற்பேனா?' என்று வரிதோறும் தம்மையே கேட்கவேண்டும்.

இது வெறும் கற்பனையன்று. வீவக வீட்டின் உரிமை என்பதே 99 ஆண்டுக் குத்தகை. வாடகைக்கு விடுபவரும் அரசிடம் ஒரு வாடகைதாரரே! கேலாங் மூன்றாம் லோரோங்கில் 191 வீடுகளின் அறுபதாண்டுக் குத்தகை 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் முடிந்தது. நிலம் இழப்பீடின்றி அரசிடம் திரும்பியது. தம் வீடென்று எண்ணியோரும் சாவியை ஒப்படைக்கும் நாள் வந்தது. இதனை உணர்ந்த உரிமையாளர், தம்மிடம் குடியிருப்பவரை அயலாராகக் கருதுவாரா?

எத்துணைக் கூர்மையாக எழுதினும் வருவதனைத்தையும் ஓலை அறியாது. 2020-இல் பெருந்தொற்று கடைகளை மூடியபோது, எந்த ஒப்பந்தமும் எண்ணிப் பாராத நிலை உண்டாயிற்று. தகுதியுடைய சிறு வணிகர்களின் வாடகைச் சுமையில் ஒரு பகுதியை அரசும் உரிமையாளரும் ஏற்கத் தனிச்சட்டமே செய்யவேண்டியதாயிற்று. எழுத்து முடியும் இடத்தில் மனச்சான்று தொடங்கவேண்டும் என்பதன்றோ அதன் பொருள்?

வாய்ச்சொல்லை எழுத்தாக்குவது அறிவு. எழுத்தை இருவர்க்கும் பொதுவாக்குவது நடுவுநிலை. எழுதாத இடத்தும் பிறர் துயர் அறிந்து நடப்பது அருள். இம்மூன்றும் கூடிய வீட்டில் உரிமையாளரும் நிம்மதியாக உறங்குவார், வாடகைதாரரும் உறங்குவார்.