யார் பணத்தில் சுத்தமான கார்?

தாம்பரம் சானடோரியம் என்ற பெயரே நல்ல காற்றை நம்பி வந்த பெயர். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கிய காலத்தில் அந்த நோய்க்கு இன்றுள்ள மாத்திரைகள் கிடையாது. திறந்த வெளியும் தூய காற்றும் நல்ல சாப்பாடும்தான் வைத்தியம். அந்த ஆஸ்பத்திரி இன்றும் நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக நடக்கிறது. அருகிலேயே ஜி.எஸ்.டி. சாலை. மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் ஒரு கையில் டிபன் பையும், மறுகையில் மூக்கைப் பொத்திய துப்பட்டாவுமாகப் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அவர்களைக் கடந்து போகும் கார்களில் மின்வாகனங்களுக்கான பச்சை நம்பர் பிளேட்டுகளும் இப்போது தென்படுகின்றன.

புகை அதிகம் விடும் காரை வாங்குபவரிடம் கட்டணம் வாங்கி, புகை குறைந்த காரை வாங்குபவருக்குத் தள்ளுபடி தருவது நியாயமா? முதல் பாதியில் பெரிய சிக்கல் இல்லை. புகைக்கான விலையை வண்டிக்காரர் கொடுப்பதில்லை, ஓ.பி. வரிசையில் இருமிக்கொண்டு நிற்பவர் கொடுக்கிறார். டெல்லியில் 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களுக்கு விலையில் 1 சதவீதம் கட்டச் சொல்லி 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் இந்த அடிப்படையில்தான்.

தள்ளுபடியில்தான் மனம் உறுத்துகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட ஆயுட்கால வரி, 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். அளவுகோல் விலைதானே ஒழிய புகை இல்லை. மின்வாகனங்களுக்கோ 2020 முதலே முழு விலக்கு. 2023-ம் ஆண்டுக் கொள்கை அதை 2025 இறுதி வரை நீட்டித்தது. முடிச்சூரில் சீட்டுப் பணம் எடுத்து 5 லட்சத்துக்குச் சின்ன பெட்ரோல் கார் வாங்கும் குடும்பம் 60,000 ரூபாய் வரி கட்டுகிறது. அந்த விலக்கால் 25 லட்சத்துக்கு மின்சாரக் கார் வாங்கியவருக்கு 5 லட்சம் மிச்சமானது. அந்த 5 லட்சம் பெரிய டீசல் கார்களிடம் தனியாக வசூலித்து வந்ததல்ல, பொதுக் கஜானா விட்டுக்கொடுத்தது. பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

முடிச்சூர்க் குடும்பமும் மின்சார வண்டி வாங்கலாமே என்று கேட்கலாம். வாடகைக்கு மாடியில் இருப்பவர் எங்கே சார்ஜ் போடுவார்? ஜன்னல் வழியாக ஒயர் விட்டு ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட்டாலே கீழ் வீட்டு ஓனரோடு மீட்டர் தகராறு வருகிறது. போர்ட்டிகோ வைத்த சொந்த வீட்டுக்காரருக்கு இந்தக் கவலை இல்லை.

முதலில் வாங்குபவர்களால்தான் பின்னால் விலை இறங்கும் என்ற வாதம் வலுவானது. அதற்காகக் கொஞ்ச காலம் சலுகை தரலாம், ஆனால் உச்சவரம்பு வேண்டும். நியூசிலாந்து 2021-ல் தொடங்கிய இதேபோன்ற கட்டண-தள்ளுபடித் திட்டத்தில் 80,000 டாலருக்கு மேற்பட்ட காருக்குத் தள்ளுபடி கிடையாது. இருந்தும் 2023 இறுதியில் அது கைவிடப்பட்டது. வேலைக்குப் பிக்கப் வண்டியை நம்பியிருந்த விவசாயிகள், மாற்று வண்டி சந்தையில் இல்லாதபோது எங்களுக்கு ஏன் தண்டம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி கிளாம்பாக்கத்தை அடுத்த ஊரப்பாக்கத்துக்கும் பொருந்தும். விமான நிலையத்தோடு நின்ற மெட்ரோ இன்னும் கிளாம்பாக்கம் வரவில்லை. கார் இல்லாமல் வேலைக்குப் போக வழியில்லாதவரிடம் புகைக் கட்டணம் கேட்கும் முன், அந்த வழியைப் போட்டுத்தர வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது.

எண்ணூர் அனல்மின் நிலையங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிலக்கரி எரித்து எடுக்கும் மின்சாரமும் மின்சாரக் கார்களில் ஏறுகிறது; அதன் சாம்பலைக் கழிமுகத்தில் சுமப்பவர்கள் மீனவர்கள்.

ஆகவே கட்டணம் விலையைப் பார்க்காமல், பிரான்ஸ் 2008 முதல் செய்வதுபோல, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று பார்க்கட்டும். தள்ளுபடி சின்ன வண்டிகளோடு நிற்கட்டும். மீதிப் பணம் பஸ்ஸுக்குப் போகட்டும். 2025 ஆகஸ்ட் முதல் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றில் ஏற டிக்கெட் காசு போதும், வீட்டில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.